இரண்டு பாறைக்கு முன்னால்

இன்றைக்கும் படகு போகாது.
துறைமுகக் கொடியைப் பாதி கிழித்துவிட்டது காற்று.
புன்தா அரேனாஸில் இதெல்லாம் செய்தியே இல்லை.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
மிலென்கா அதைப் பிடித்துத்தான் பள்ளிக்கூடம் போகிறாள்,
பிடித்துத்தான் திரும்பி வருகிறாள்.
நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

வரலாற்று வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்களாம்.
போர்த்துக்கல் என்ற சொல்லின் வாசலிலேயே
நின்றுவிடுவாளாம்.
பின்வரிசையில் ஒருவன் அதை அப்படியே நடித்துக் காட்டுவானாம்.
இதை அவள் சொல்லவில்லை.
சொல்வதென்றால் அந்தச் சொல்லையும் சொல்லியாக வேண்டுமே.
பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது.
அடியில் இன்னொரு வரி:
வீட்டில் அந்த விளையாட்டுப் பெட்டியைக்
கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள்.

எடுத்து வைத்தேன்.
ஒயர்களைச் சுருட்டி, என் மழைக்கோட்டுக்குப் பின்னால்.
அவள் அழவில்லை, எங்கே என்று கேட்கவுமில்லை.
படகிலிருந்து நான் கொண்டுவரும் டிக்கெட் அடிக்கட்டைகளை
மடித்து மடித்துக் கப்பல் செய்தாள்.
ஒன்பது நாளில் நூற்று நாற்பது கப்பல்.
ஜன்னல் விளிம்பில், ஃபிரிட்ஜின் தலையில், சோப்பு வைக்கிற இடத்தில்,
எல்லாம் கதவைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு.
பத்தாம் நாள் விடிகாலை
ரப்பர் பூட்ஸுக்குள் கால் விட்டேன்.
அடியில் ஒன்று நசுங்கியது.
அன்று மாலை பிளக்கை நானே செருகினேன்.

அப்புறம் ஒரு ராத்திரி
சூப்புக் கிண்ணத்தோடு அவள் கதவருகே நிற்கிறேன்.
உள்ளே யாரோ பேசுகிறார்கள்.
"பாறைக்குப் பின்னாடி ரெண்டு பேர், ஒக்தாவியோ.
நீ பாலத்தைப் பார், படியை நான் பார்த்துக்கறேன்.
பதறாதே, பத்து அம்பு மிச்சம் இருக்கு."
ஒரு ப கூட இடறவில்லை.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி
அத்தனை சரளம்.
ஒக்தாவியோ வால்திவியாவில் இருக்கிறானாம்.
இருவரும் முகம் பார்த்ததில்லை.
பதினான்கு வருஷமாக நான் கேட்காத குரலை
அவன் தினமும் ஏழு மணிக்குக் கேட்கிறான்.

பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.
வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

"இரு, அப்பா வந்திருக்கார்" என்றாள் மைக்கில்.
அந்த அப்பாவில் உதடு ஒட்டவே இல்லை.
ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் திரும்பினாள்.
"அப்... அப்..."
கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்,
அவள் முடிப்பதற்குள்.
உதவி செய்வதாக நினைப்பு.
மறுநாள் நீரிணையின் நடுவில், கயிற்றைச் சுருட்டும்போதுதான்
என்ன செய்தேன் என்று உறைத்தது.

இன்றைக்குத்தான் படகு இல்லையே.
தலையணையைத் தரையில் போட்டு
இன்னொரு கன்ட்ரோலரை என் மடியில் வைத்தாள்.
இது வேறு ஆட்டம், சண்டை கிடையாது.
தன் பண்ணையைச் சுற்றிக் காட்டினாள்.
முள்ளங்கி இரண்டு பாத்தி, மூன்று ஆடு.
கொம்பு வளைந்த ஆட்டுக்கு என் பெயர், ஸ்லாவ்கோ.
ஓர் இலைகூட அசையவில்லை அங்கே.
காற்று இல்லையா என்றேன்.
"அ... அணைச்சு வச்சிருக்கேன்."

பிறகு மலை.
ஓட வேண்டும், விளிம்பில் குதிக்க வேண்டும்.
விளிம்பு எது, பனி எது என்று
அவளுக்குத்தான் தெரியும்.
"கு... கு..."
காத்திருந்தேன். மலை காத்திருக்கவில்லை.
விழுந்தேன்.
மறுபடி "கு... கு..." மறுபடி விழுந்தேன்.
ஆறு தடவை செத்தேன்.
அவள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.
நானாக ஊகித்துக் குதித்திருக்கலாம்.
கட்டைவிரலை அசைக்காமல் வைத்திருந்தேன்.

ஏழாவது தடவை
இரண்டு பாறைக்கு முன்னாலேயே
அந்தச் சொல்லைத் தொடங்கினாள்.
அதுவும் ஓடியது, நானும் ஓடினேன்.
அது முடிந்த இடத்தில்
விளிம்பு இருந்தது.