மறந்துபோன பொருள் மேசை

மீன்முள் என்றே ஐந்து மாதம் நம்பினேன்.
சோற்றை உருட்டி விழுங்கினேன், வாழைப்பழம் விழுங்கினேன்,
யீஷூன் பலதுறை மருந்தகத்தில்
டார்ச் வெளிச்சத்தையும் விழுங்கினேன்.

ஸ்கேனில்தான் அகப்பட்டது:
காதடியில் எழுத்தாணி போல ஓர் எலும்பு,
அளவு மறந்து நீண்டது.
நோய்க்குக் கழுகின் பெயராம்.
"பறந்துடாதே" என்றார் இளமாறன்.
சிரித்தேன். காதுவரை கீறியது.

வலப்பக்கம் திரும்பாத கழுத்துக்குப்
பேருந்து தர மாட்டார்கள்.
டிப்போவில் மறந்துபோன பொருள் மேசை எனக்கு.
பதினேழு குடை, ஒற்றைச் செருப்பு,
யாருடையதோ ஒரு பல்செட்.
எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டித் தேதி எழுதுகிறேன்.

என் தேதி கைபேசியில்:
இன்னும் பத்தொன்பது நாள்.
வெட்டலாமா என்று பார்க்கத்தான் அது,
வெட்ட அல்ல.

கஞ்சி ஆறுகிறது.
ஒரு நாளில் எத்தனை முறை எச்சில் விழுங்குகிறோம்,
யாரும் எண்ணுவதில்லை.
நேற்று நானூறுவரை எண்ணி
விட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, தண்ணிப் போத்தல் வந்துச்சா?"
வலப்புறமிருந்து ஒரு பையன்.
நாற்காலியோடு சேர்ந்து திரும்புகிறேன்,
நிறுத்தத்தை விட்டு நகரும் இரட்டை மாடி பஸ் போல,
சிக்னல் விளக்கு மட்டும் இல்லாமல்.

"என்ன நிறம்?"