நதிகளின் வரலாறு, எண் 214

கழுத்துப்பட்டை கட்டிய மூன்று பேர்.
நடுவில் இருந்தவர் என் மதிப்பெண் பட்டியலை
மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்,
உணவகத்தில் பில்லை வைப்பதுபோல.

'திரு. கார்னெல் பெட்டிவே,
நதிகளின் வரலாறு, எண் 214.
ஏ வாங்கியிருக்கிறீர்கள்.
வகுப்பு எந்த அறையில் நடந்தது?'

எனக்குத் தெரிந்த அறைகளைச் சொல்கிறேன், ஐயா.
எடை தூக்கும் அறை, காலை ஐந்தேகால்.
பனிக்கட்டித் தொட்டி அறை,
இடது முழங்காலுக்கு இருபது நிமிடம், வலதுக்குப் பன்னிரண்டு.
படம் போடும் அறை:
எதிரணியின் ஐம்பத்தெட்டாம் எண்காரன்
எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பான் என்று
நூறு முறை ஓட்டிப் பார்த்த இருட்டு.
இப்போது கேட்டாலும் சொல்வேன்.
வலது கால்.

நதி எந்த அறையிலும் ஓடவில்லை.

நான் கேட்டது பாலம் கட்டும் படிப்பு.
'செவ்வாய் இரண்டு மணிக்கா? பயிற்சி இருக்கிறதே' என்றார்
ஆலோசகர் கர்ட், பேனாவை மூடாமலே.
'ஆற்றை எடு, பெட்டிவே.
அது உன்னை வரச்சொல்லாது.'

மிஸ் லொரெட்டா ஸ்டக்கியை
வேலையிலிருந்து நீக்கிவிட்டீர்களாம்.
துறையின் முன்மேசையில் இருப்பார்,
பக்கத்தில் புதினா மிட்டாய்க் கிண்ணம்.
படிவம் தந்ததும் அவர், கட்டுரையை வாங்கியதும் அவர்,
கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்து
'நல்ல கனம்' என்று மதிப்பெண் போட்டதும் அவர்.
பேராசிரியருக்குப் பெயர் இருந்தது. தாளில்.

பதினெட்டுப் பக்கம்.
முதல் பக்கம் மட்டும் நான் எழுதியது.
மீதி எங்கிருந்து வந்ததோ,
எனக்கு முன்னால் ஓடியவர்களைக் கேளுங்கள்.
அந்த முதல் பக்கத்தில்
கழிமுகத்தைக் களிமுகம் என்று எழுதியிருந்தேன்.
லொரெட்டா பென்சிலால் 'ளி'யைச் சுழித்து
மேலே 'ழி' போட்டிருந்தார்.
நான்கு ஆண்டுகளில்
யாரோ என்னைப் படித்ததற்கு
அந்த ஓர் எழுத்துதான் சாட்சி.
அவரையா முதலில் அனுப்பினீர்கள்?

பொய் என்று தெரியாதா என்கிறீர்கள்.
தெரியும்.
ஏ வந்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எழுந்து நின்று
எல்லோருக்கும் சொன்னாள்.
நான் தடுக்கவில்லை.
அதை உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
என் ஏட்டில் சுரைக்காயே இல்லை.
கொடி மட்டும் இருந்தது,
அரங்கத்தின் உச்சியில்,
எண்பதாயிரம் பேர் கூவிய காற்றில்.

இருபத்தொரு வெற்றிகளைப்
பதிவேட்டிலிருந்து அழிக்கப் போகிறீர்கள்.
அழியுங்கள்.
படிக்கட்டில் நான் இறங்கும்போது
சத்தம் போடுகிறதே இந்த முழங்கால்,
அதையும் அதே ரப்பரால் ஒரு தேய்ப்பு.

இப்போது லாரி ஓட்டுகிறேன். உறைந்த கோழி.
டாம்பிக்பி ஆற்றுப் பாலத்தை
வாரம் மூன்று இரவு கடக்கிறேன்.
போன மாதம் நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டேன், தப்புதான்,
பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கி எடுத்தான்.
கீழே கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.
எங்கே தொடங்குகிறது, தெரியாது.
எந்தக் கரையில் நின்று முதலில் சண்டை போட்டார்கள்,
பருத்தி ஏற்றிய படகுகளில்
சங்கிலியோடு யார் இறங்கினார்கள்,
அதில் என் வீட்டாள் எவர், தெரியாது.
பாலம் ஏன் விழாமல் நிற்கிறது,
அதுவும்.
இதில்தான் ஏ வாங்கியிருக்கிறேன்.

'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?'
நடுவில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்று கேட்க வேண்டும், ஐயா.
214ஐ எப்போது நடத்துவீர்கள்?
நடத்தினால் எனக்கு ஓர் இடம் போட்டு வையுங்கள்.
செவ்வாய் இரண்டு மணி இப்போது ஒத்துவரும்.
வியாழக்கிழமை மட்டும் வேண்டாம்,
அன்றைக்கு மொபீல் வரைக்கும் லோடு இருக்கிறது.