இரண்டெழுத்து

ஹாம்பர்க், 1926.
கிடங்குகளிலிருந்து காப்பி மூட்டையின் வாசனை
மூன்றாம் மாடிவரை ஏறிவரும் கட்டடம்.
குவாத்தமாலாவின் கன்சல் எவரிஸ்தோ சமயோவா.
நான் அவருடைய தட்டச்சுக்காரி, கெசினே லூடர்ஸ்.
காலையில் சரக்குச் சீட்டு, கடவுச்சீட்டு,
செத்துப்போன மாலுமியின் பெட்டிக்கு ரசீது.
நாலு மணிக்கு மேல்
அலமாரியின் அடித்தட்டிலிருந்து அது வெளியே வரும்:
ஒரு மாயக் குலம் தன் நிலத்துக்கு
கிச்சே மொழியில் எழுதிவைத்த சுவடி,
முந்நூற்றெழுபது வருடப் பழசு.
அசல் அல்ல, ஒரு பாதிரியார் எடுத்த படி.
கரப்பான் தின்ற இடங்களையும்
அவர் விசுவாசமாய்ப் படியெடுத்திருந்தார்,
வெற்றிடமாக.

அந்தச் சுவடி எதையும் ஒருமுறை சொல்லாது.
மலைக்கு வந்தோம், மேட்டுக்கு வந்தோம்.
கல்லை நட்டோம், கல்லை நிறுத்தினோம்.
மார்ச் மாதம் கன்சலின் அறிக்கைகளும் அப்படியாயின:
காப்பி விலை இறங்கியது, காப்பி விலை தாழ்ந்தது.
வணிகர்கள் முணுமுணுக்கிறார்கள், வணிகர்கள் புலம்புகிறார்கள்.
அமைச்சகத்திலிருந்து தந்தி:
சொன்னதைச் சொல்லாதீர். சொல்லுக்குக் காசு.
படித்துச் சிரித்தார். பிறகு அதன் கீழே
அந்தத் தந்திக்கு ஒரு இரண்டாம் வரி எழுதினார்.

கப்பல் வந்திருந்தால் வியாழக்கிழமை
பர்தோலோ இஷ்கோய் வருவான்,
கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவன்.
காகிதத்தைத் தொடமாட்டான். வாசிக்கவும் தெரியாது.
கன்சல் வாசிக்க, இவன் முகம் சுளித்து
அதே வரியைச் சரியான வாயால் சொல்வான்.
மற்றதெல்லாம் ஸ்பானியத்தில் பேசுவார்கள்,
எனக்கு எட்டுகிற அளவு ஸ்பானியம்.
ஒருநாள் ஒரு சொல்லில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள்.
சூரியனும் அதுதான், நாளும் அதுதான்.
எதைப் போடட்டும் என்றார்.
இஷ்கோய் ஜன்னலைப் பார்த்தான். ஐந்தாம் நாளாகத் தூறல்.
"எங்களுக்கு ஒன்றுதான்.
இங்கேதான் நாள் தனியாக வருகிறது."

பிறகு எல்லைகளின் பக்கம்.
சிவந்த ஓடையிலிருந்து இரட்டைப் பைன் மரம்,
மரத்திலிருந்து உட்கார்ந்த கல்.
இஷ்கோய் கை உயர்த்தினான்.
"அந்தக் கல்லை எனக்குத் தெரியும்.
ஹின்ரிக்ஸ் கம்பெனி காப்பி காயப்போடும் களத்தில்
வடக்கு மூலை. கணக்குப்பிள்ளை அதன்மேல்
ஈரச் சாக்கை உலர்த்துவான்."
யாரும் பேசவில்லை.
என் மேசையின் இடது தட்டில்
ஹின்ரிக்ஸ் அண்ட் சன்ஸ், சொத்து எண் 114,
முத்திரைக்குக் காத்திருந்தது.
நான் அடித்ததுதான். மூன்று பிரதி.

பதினோரு நாள் அது தட்டிலேயே கிடந்தது.
முத்திரைப் பெட்டியின் சாவி தொலைந்துவிட்டது என்றார்.
சாவி அவர் கடிகாரச் சங்கிலியில் தொங்கியது.
கம்பெனி ஆளும் பார்த்தார், நானும் பார்த்தேன்.
பன்னிரண்டாம் நாள் தலைநகரிலிருந்து
மூன்றே சொல்லில் ஒரு தந்தி.
அவரை வீரர் என்று எழுத எனக்கு ஆசைதான்.
முத்திரை குத்தினார்.
மையை ஊதி உலர்த்தியதும் அவர்தான்.

அடுத்த கப்பலில் இஷ்கோய் வந்தான்.
முடிந்த மொழிபெயர்ப்பை அவனுக்கு வாசித்துக் காட்டினார்.
குல்லாயை முழங்காலில் மாட்டிக்கொண்டு
கடைசிவரை கேட்டான்.
"அங்கே கல் இருந்தது என்கிறீர்கள்."
"பழைய சுவடி அல்லவா. இறந்தகாலத்தில்தான்..."
"இறந்தது என்று யார் சொன்னது?"

ஸ்பானியத்தில் அது சின்ன வேலை.
கடைசி இரண்டெழுத்தைச் சுரண்டிவிட்டு
மிஞ்சிய எழுத்தின் தலையில் ஒரு கீற்று வைத்தால்
இருந்தது, இருக்கிறது ஆகிவிடும்.
ஓடை, மரம், கல் என்று அறுபத்து மூன்று இடம்.
கன்சல் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல
நான் சுரண்டினேன். மடியெல்லாம் ரப்பர்த் தூள்.
உட்கார்ந்த கல்லுக்கு வந்தபோது
தாள் ஓட்டையாகிவிட்டது.
புதிதாய் அடிக்கலாம் என்றேன். வேண்டாம் என்றார்,
கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாளை யாரோ இதைப் படியெடுப்பார்கள்,
விசுவாசமாக.
ஓரத்தில் பென்சிலால் என் மொழியில் எழுதிவைத்தேன்:
இது கரப்பான் தின்றதல்ல.
இங்கே ஒரு கல் இருக்கிறது.