வெப்பக் கணக்கு

படிவத்தில் ஐந்தாவது வரி:
அறையில் இருப்போர் எண்ணிக்கை.
ஆளுக்கு நூறு வாட் போடு என்று
கல்லூரியில் சொல்லித் தந்தார்கள்.
நாம் சும்மா உட்கார்ந்திருப்பது
பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம்.

தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனை,
சித்திரை, பகல் இரண்டு மணி.
மருந்தறையில் இருவர். ஆய்வகத்தில் மூவர்.
ரத்தச் சேமிப்பு அறையில் ஆளில்லை.
கண்காணிப்பாளர் கூட்டத்துக்குக் கிருஷ்ணகிரி போயிருந்தார்,
அவர் அறையில் ஏசி மட்டும் பணியில் இருந்தது.

வராண்டாவையும் எண்ணினேன்.
நூற்றுப் பதினெட்டில் விட்டுவிட்டேன்,
ஒரு குழந்தை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
வராண்டாவுக்குப் படிவத்தில் வரி கிடையாது.
நாலு சுவர் இருந்தால்தான் அறை.
இதற்கு மூன்று, நாலாவது பக்கம் வெயில்.

எட்டுப் பழைய பெட்டிகளும்
உள்ளே உருவிய சூட்டை
அவர்கள் முதுகில்தான் கொட்டிக்கொண்டிருந்தன.
"நம்ம வீட்டுக் குப்பையைப்
பக்கத்து வாசல்ல கூட்டித் தள்ற மாதிரி மேடம்"
என்றார் மெக்கானிக் அன்வர் பாஷா,
வாயில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு.

வெளிப்பெட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்ற
தாமிரக் குழாய் கூடுதலாக நூற்றுப் பத்து மீட்டர்.
பொதுமக்கள் நலன் கருதி, என்று எழுதினேன்.
அவசியத்தை விளக்குக, என்று
பச்சை மையில் திரும்பி வந்தது.
மின்கட்டணம் நூற்றுக்குப் பன்னிரண்டு குறையும், என்று எழுதினேன்.
நாலே நாளில் கையெழுத்து.
எழுதியது பொய்யில்லை.
காரணமும் அதுவல்ல.

கருங்கல் சுவர். துளைபோட மூன்று பிட்டுகள் உடைந்தன.
கழற்றிய பெட்டிக்குள் எலி கட்டிய மெத்தை:
பஞ்சு, கட்டுத்துணி, ஓ.பி. சீட்டுகள்,
ஒன்றில் இன்னும் படிக்க முடிந்தது,
காய்ச்சல் இரண்டு நாள்.

ஆடி பிறக்குமுன் வேலை முடிந்தது.
வராண்டாவில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
வராத சூட்டை யார் கவனிப்பார்கள்.

மார்கழியில் உத்தரவாதச் சோதனைக்குப் போனேன்.
காலை ஆறு மணி, பதினொரு டிகிரி,
பனியில் ஆம்புலன்ஸின் நீல விளக்கு மட்டும் தெரிந்தது.
அஞ்செட்டிப் பக்கத்துக் கெம்பம்மா
தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு
சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.
நாலு போல்ட் தடம், சிமெண்டு பூசிய வட்டம்.
"இங்க இருந்த பிசி டப்பா எங்கம்மா?"

பிசி என்றால் அவள் கன்னடத்தில் சூடு.
போன வருஷம் மகனுக்கு ஆபரேஷன்,
பதினோரு ராத்திரி இந்த இடத்தில்தான் படுத்தாளாம்.
ரத்த அறைப் பெட்டிக்குக் கோடை, குளிர் தெரியாது,
வருஷம் முழுக்க ஓடும்.
உள்ளே யாருடைய ரத்தமோ நாலு டிகிரியில்,
வெளியே இவள்.

மேலே அனுப்பிவிட்டோம் என்றேன்.
"யாருக்கு?" என்று கேட்டாள்.

மாடியேறிப் பார்த்தேன்.
பெட்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.
அதன் முன்னால் நாலு காக்கைகள்
கழுத்தைச் சுருக்கி, சிறகை உப்பி,
எனக்காக நகரக்கூட இல்லை.

அன்வர் பாஷா டீக்கடை ரசீதின் பின்பக்கம்
ஒரு தகரக் குழல் வரைந்து காட்டினார்,
நடுவில் ஒரு மடக்குக் கதவு.
சித்திரையில் மேலே, மார்கழியில் கீழே.
"பழைய தகரமே கிடக்கு மேடம், கைக்கூலிதான்."
கைக்கூலிக்கும் கோப்பு வேண்டும்.

புதுப் படிவம் எடுத்தேன்.
அறையின் பெயர்: வராண்டா.
மேலதிகாரி அடிக்கப்போகும் முதல் சொல் அதுதான்.
ஐந்தாவது வரியில்
நூற்றுப் பதினெட்டு என்று எழுதி,
கொஞ்சம் யோசித்து,
பக்கத்தில் சேர்த்தேன்:
ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று.

காரணம் என்ற கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.