பதினோரு நிமிடம்

ஒரு நிமிடப் படம் போதும் என்றேன்.
சர்வேந்திரன் எடுத்து வந்தது பதினோரு நிமிடம்:
பீடோர் முச்சந்தியில்
செம்பனைக் குலை லோரிகள்.
ஆளில்லை, கதையில்லை.
உருண்டு விழுந்த ஒரு பழத்துக்கு மட்டும்
கேமரா குனிந்திருந்தது.

லோரி சத்தம் கேட்டாலே
மேசைக்கடியில் போய்விடுகிறவன்.
எப்படி எடுத்தாய்?
காதிலிருந்து பஞ்சை உருவிக் காட்டினான்.

கணினியில் ஒலிக்கோடு
மலைமலையாய் எழுந்தது.
காது கேளாத கிஷாந்தினி
திரையில் விரல் வைத்து
இது என்ன என்றாள் சைகையில்.
அவன் மேசையைத் தட்டினான்,
பலமாக,
அவள் உள்ளங்கை அதிரும்வரை.

பிறகு மலைகளை ஒவ்வொன்றாய்
அவனே தரைமட்டமாக்கினான்.
கடைசி லோரியை மட்டும் விட்டுவைத்தான்,
அவளுக்காம்.

வெட்டு என்று நான் சொல்லவில்லை.
மதிப்பெண் பாரத்தில்
'நேரக் கட்டுப்பாடு' கட்டம்
இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.