தாள்

பிப்ரவரியில் ஒரு கட்டு வெங்காயத்தாள்
ஏழாயிரம் வோன்.
கடைக்காரி விலையைச் சொல்லிவிட்டு
தன் குற்றமில்லை என்பதுபோல்
கையுறையைப் பார்த்துக்கொண்டாள்.
வாங்கினேன்.
வெள்ளை அடியை நான்கு விரல் விட்டு நறுக்கி,
பால் அட்டைப்பெட்டியைப் பாதியாக வெட்டி அதில் நிறுத்தி,
வேர் மட்டும் நனையத் தண்ணீர் விட்டேன்.
சமையலறை ஜன்னல். பதினோராவது மாடி.
கீழே பூப்யோங் தண்டவாளத்தின் ஓரம்
பழைய பனி கறுத்துக் கிடந்தது.

அதே வாரம்தான் நீதிமன்றத்தில் மனு கொடுத்தோம்.
பிள்ளை இல்லாதவர்களுக்கு ஒரு மாதம்,
யோசித்துப் பார்க்க.
தனித்தனியாக யோசிக்க வேறு வீடு இல்லை.
முன்பணம் வீட்டுக்காரரிடம் மாட்டியிருக்கிறது.
அதனால் உன்-சொக் கூடத்தில், நான் அறையில்.
நடுவில் தாள் போட்ட கதவு.

மூன்றாம் நாள்
வெட்டிய வட்டத்தின் நடுவிலிருந்து
ஊசியளவு பச்சை.
எட்டாம் நாள் ஒரு சாண்.
நான் பல் கட்டும் பட்டறையில் வேலை செய்பவள்.
அங்கே மயிரிழை கூடினாலும்
யாரோ ஒருவருக்குச் சோறு மெல்ல நோகும்.
கத்தரிக்கோலை நேராகப் பிடித்துத்தான் வெட்டுவேன்.
இரண்டு தாள் வெட்டி முட்டையில் தூவினேன்.
ஒருத்திக்கான முட்டை.

மறுநாள் காலை
இன்னும் இரண்டு குறைந்திருந்தன.
சாய்வான வெட்டு.
தொட்டியில் கழுவிக் கவிழ்த்த ராம்யோன் சட்டி.
லிஃப்ட் பழுதுபார்ப்பவன்,
கம்பியைச் சாய்த்து வெட்டியே பழகிய கை.
ஒன்றும் கேட்கவில்லை.
அப்போது எங்கள் பேச்செல்லாம் கைபேசியில்தான்:
‘காஸ் பில் உன் முறை.’
‘கட்டியாச்சு.’

அப்படியே போனது, நேர்வெட்டும் சாய்வெட்டுமாக.
யாருக்கு எப்போது பசித்தது என்று
ஜன்னலைப் பார்த்தால் தெரியும்.
ஒரு வியாழக்கிழமை ஒரேயடியாக நான்கு:
குடித்துவிட்டு வந்து சூப் வைத்திருக்கிறான்.
அது மட்டுமா,
வேர்த்தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றாவிட்டால் நாறும்.
ஒரு வாரமாக நான் மாற்றவில்லை.
நாறவுமில்லை.

பொருள் பிரிக்கும் பட்டியல் எழுதினோம்.
குளிர்சாதனப்பெட்டி அவனுக்கு,
சலவை இயந்திரம் எனக்கு,
அவன் அக்கா தந்த மசாஜ் நாற்காலி
எடுத்துப்போகிறவருக்கு.
ஜன்னலில் இருந்ததை இரண்டு பேருமே எழுதவில்லை.

மூன்றாம் முறை வந்தது மெலிந்து வந்தது.
வெளிறிய பச்சை, வைக்கோல் வாசம்.
இரண்டு அடிகள் விரல் பட்டாலே குழைந்தன.
அன்றைக்கு உன்-சொக் வாய்திறந்தான்.
“இதுக்கு மண் வேணும்.”
“பத்து நாளுக்கு எதுக்கு மண்?”
அவ்வளவுதான்.
கதவைச் சாத்தியது நான்தான் என்று நினைக்கிறேன்.

பாங் உன்-சொக், யூக் நா-கியோங்
என்று எங்களைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.
மனம் மாறவில்லையே என்று நீதிபதி கேட்டார்.
இல்லை. இல்லை.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
வெளியே வரும்போது ஆளுக்கொரு தாள்.
மூன்று மாதத்துக்குள் வட்டார அலுவலகத்தில் பதியாவிட்டால்
அது செல்லாது.
அவன் வேலைக்குப் போனான். நானும்தான்.

இரவு வீடு திரும்பினால்
பால்கனியில் ஒரு மீன் பெட்டி, தெர்மகோல்,
இன்னும் கானாங்கெளுத்தி நாற்றம் போகாதது.
அதில் மண்.
மண்ணில் ஏழு.
வேர்கள் சிக்கிப் பிரிக்க வராமல்
மூன்றை ஒரே குழியில் வைத்திருக்கிறான்.
சுற்றிலும் தரையெல்லாம் சிந்திய மண்,
கூட்டவே இல்லை.
எட்டு வருடமாக இதே கதை.
நான் மனு கொடுத்ததே
ஏறக்குறைய இதற்காகத்தான்.
துடைப்பத்தை எடுத்துத் திட்டிக்கொண்டே கூட்டினேன்.
காது கேட்க ஆள் இல்லை, குளியலறையில் இருந்தான்.

இப்போது ஏப்ரல்.
முன்பணம் இன்னும் வரவில்லை.
மண்ணுக்குப் போனதும் ஏழும் விரல் தடிமன்.
என் தாள் கைப்பையில்
தண்ணீர் புட்டிக்கடியில் கசங்கிக் கிடக்கிறது.
அவனுடையது எங்கே என்று தெரியாது.

இன்று காலை,
அந்த மூன்றில் ஒன்றின் நுனியில்
உறை போட்ட மொட்டு.
பூத்தால் தண்டு முற்றிவிடும், தின்ன முடியாது.
இப்போதே கிள்ளிவிட வேண்டும்.
கத்தரிக்கோலை எடுத்தேன்,
கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன்.

‘பூ வருது’ என்று தட்டினேன்.

செய்திக்குப் பக்கத்தில் இருந்த 1
கொஞ்ச நேரம் இருந்தது.
பிறகு மறைந்தது.