பதினேழு ஒன்றுகள்

கயானி மரக்கிடங்கின் எடைமேடையில்
லாரிகளை நிறுத்திக் குறித்துக்கொள்வது
ரௌனி கெம்ப்பைனெனின் இரவு வேலை.
பனி கொட்டினால் லாரி வராது.
கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறி சும்மா இருக்கும்.

முதல் குளிர்காலத்தில், விளையாட்டாகத்தான்,
எடைச்சீட்டின் பின்புறம் கோடு கோடாக இழுத்தாள்:
11111111111111111
ஏன் பதினேழு என்றால்
சீட்டு அங்கே முடிந்துவிட்டது.

உள்ளே யாராவது உண்டா என்று தட்டினாள்.
இரண்டும் ஐந்தும் வாசலோடு திரும்பின.
மூன்றுக்கு இரண்டு மீதி.
பதினொன்றுக்கு ஒன்று மீதி.
பதின்மூன்றுக்கு ஒன்பது.
பொறியோ பதின்மூன்று இலக்கத்துக்கு மேல் கொள்ளாது;
மீதியைத் தூக்கிப்போய்
மறுபடி சுழற்ற வேண்டும்.

இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு விதி பிடிபட்டது:
இதைப் பிளக்கும் பகா எண் எதுவானாலும்
முப்பத்துநான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சியாக வேண்டும்.
பிறகு தாவித் தாவிப் போனாள்,
நூற்று மூன்று, நூற்று முப்பத்தேழு,
இருநூற்று முப்பத்தொன்பது,
ஏரிப் பனிக்கட்டியில்
கனம் தாங்கும் இடம் மட்டும் மிதிப்பவள் போல.
ஓர் இரவுக்கு நாலைந்து.
மை உறைந்தால் பென்சில்.

நடுவில் ஒரு கல்யாணம் வந்தது, போயிற்று.
அதைப் பிரித்துக்கொள்ள ஒரு மதியம் போதுமாயிருந்தது.
நாற்காலிகள் ஐந்து;
ஒன்று மிஞ்சியது, எடைமேடைக்குக் கொண்டுவந்தாள்.

ஏழாம் மார்ச். கூரை சொட்டும் ஓசை.
2071723.
கைப்பிடி நின்றது.
பொறியின் சின்னச் சாளரங்களில்
சுழி, சுழி, சுழி.
தப்பாகச் சுழற்றிவிட்டோம் என்று
முதலிலிருந்து வந்தாள்.
மீண்டும் சுழி.

பகா எண் என்றே அதனோடு பழகியிருந்தாள்.
ஏழு வருடம் தனியாளென்று நம்பிய வீட்டில்
பக்கத்து அறையில் யாரோ இருமியது போலிருந்தது.

துணை எண்ணை எழுதினாள்: 5363222357.
இதற்குள்ளும் யாராவது?
கேட்க வேண்டியதில்லை.
இதைப் பிளக்கக்கூடிய சின்ன எண்களையெல்லாம்
ஏற்கெனவே ஒருமுறை விசாரித்தாயிற்று.

விடியலில் பைன் கட்டைகளோடு யுன்டுனென் வந்தான்.
சீட்டைக் காட்டினாள்.
"உடைஞ்சு போச்சா?" என்றான், வருத்தமாக.
"இல்லை. திறந்துச்சு."
அவன் தலையாட்டிவிட்டு
தன் லாரி எடை சரியா என்று கேட்டான்.
நாற்பது கிலோ கூட.

அன்றிரவு நீளமான சீட்டு ஒன்றைத் தேடி எடுத்தாள்.
பதினெட்டு ஒன்றுகள் வேண்டாம்,
மூன்று போதும் அதைப் பிரிக்க.
பத்தொன்பது.
இனி முப்பத்தெட்டு முப்பத்தெட்டாகத் தாவ வேண்டும்.

அது திறக்காது.
எதனாலும் வகுபடாது அந்தப் பத்தொன்பது.
அதைக் கடைசிவரை தட்டிப் பார்க்க
ரௌனிகள் பலர் வேண்டும், அத்தனை பேருக்கும் ஆயுள் வேண்டும்.
எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியாது.

நூற்று தொண்ணூற்றொன்று.
மீதி இருக்கிறது.
நாற்காலியை அடுப்பின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.